ஒடுக்கெடுக்கும் கைகள்: டிராக்டர் தகட்டின் வரலாறு

1939 ஜூன் 29. அமெரிக்காவின் டியர்பார்ன் நகரில் ஹென்றி ஃபோர்டும், வட அயர்லாந்திலிருந்து வந்த ஹாரி ஃபெர்குசனும் சேர்ந்து ஒரு புது டிராக்டரை ஓட்டிக் காட்டினார்கள். ஃபோர்டு 9என் என்று அதற்குப் பெயர். விலை 585 டாலர். கலப்பையை மூன்று முனைகளில் பிடித்து, ஹைட்ராலிக் விசையால் தூக்கி இறக்கும் ஏற்பாடு அதில் இருந்தது. இன்று எந்த நாட்டு டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் அந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். முன்பக்கத்திலும் கவனிக்க வேண்டிய ஒரு சங்கதி இருந்தது. முதலில் வெளிவந்த சில நூறு வண்டிகளின் பானட்டை அலுமினியத்தில் வார்த்திருந்தார்கள். இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பெரிய அச்சுகள், உற்பத்தி தொடங்கும் நேரத்துக்குத் தயாராகவில்லை. எஞ்சின் தயார், கியர் பெட்டி தயார், ஹைட்ராலிக் தயார். தகடு மட்டும் பின்தங்கிவிட்டது.

டிராக்டரில் கடைசியாக வந்து சேர்ந்த உறுப்பு தகடுதான். முதலில் அடிபடுவதும் அதுதான். எஞ்சினின் குதிரைத் திறன் பற்றியும் இழுவை பற்றியும் ஏராளமாக எழுதிவிட்டார்கள். மாடு உரசி, மரக்கிளை இடித்து, சேறு அரித்து உருக்குலைந்த பானட்டையும் மட்கார்டையும் திரும்ப நிமிர்த்திய கைகளுக்கு அந்த வரலாற்றில் ஒரு மூலைகூட ஒதுக்கப்படவில்லை. அந்தத் தொழிலுக்கு நெடிய மரபு உண்டு. அதன் ஒரு கிளை சென்னையிலும் வேர் விட்டிருக்கிறது.

ஆரம்பகால டிராக்டர்களுக்குச் சட்டை கிடையாது. 1917-ல் உற்பத்திக்கு வந்த ஃபோர்ட்சனைப் பாருங்கள். எஞ்சின் திறந்து கிடக்கும், அதன் மேலே எண்ணெய்த் தொட்டி உட்கார்ந்திருக்கும், முன்னால் ரேடியேட்டர் நிற்கும், அவ்வளவுதான். பின்சக்கரங்களுக்கு மேல் தகடு வந்த கதை சோகமானது. கலப்பை வேரிலோ பாறையிலோ சிக்கினால் ஃபோர்ட்சனின் முன்பக்கம் மேலே எழும்பி, வண்டி பின்னோக்கிக் கவிழும். ஓட்டியவர் அடியில் மாட்டிக்கொள்வார். உயிர்கள் போயின. 1920-களின் நடுவில் ஃபோர்டு நிறுவனம் பின்புறமாக நீண்டு தரையை நோக்கி இறங்கும் மட்கார்டுகளைக் கொடுக்கத் தொடங்கியது. வண்டி எழும்பினால் அவை தரையில் முட்டித் தடுக்கும் என்பது எதிர்பார்ப்பு. அவற்றின் கடைக்கோடியில் கருவிப்பெட்டியும் வைத்திருந்தார்கள். டிராக்டர் தகடு அலங்காரத்துக்கு மட்டுமே வந்தது என்று நினைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அலங்காரம் வந்ததும் உண்மை. அதற்கு வழி விட்டது ஓர் உருக்காலை. அதற்கு முன் அகலமான, ஒரே கனமுள்ள இரும்புத் தகடு எளிதில் கிடைக்கவில்லை. தகடுகளை ஒவ்வொன்றாக உருளையில் விட்டுத் தேய்த்து எடுத்தார்கள். ஜான் டைட்டஸ் என்ற பொறியாளர் அகலத் தகட்டைத் தொடர்ச்சியாக உருட்டும் ஆலையை 1924-ல் கென்டக்கி மாநிலத்தின் ஆஷ்லண்டில் ஓடவைத்தார். காருக்கு முழு இரும்புக் கூடு செய்யும் வேலையை எட்வர்ட் பட் அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தொடங்கியிருந்தார். அகலத் தகடும் ராட்சத அழுத்து இயந்திரமும் சேர்ந்தபோது வளைவான கூடுகள் மலிவாகக் கிடைத்தன. கார் வாங்கிய விவசாயிக்கு வாசலில் நிற்கும் டிராக்டரும் அதுபோல் இருக்க வேண்டும் என்று தோன்றாமல் இருக்குமா?

1935-ல் ஆலிவர் 70, பக்கவாட்டுத் தகடுகளோடு கார் சாயலில் வந்தது. ஜான் டீர் நிறுவனம் நியூயார்க்கில் இருந்த வடிவமைப்பாளர் ஹென்றி டிரைஃபஸைத் தேடிப் போனது. 1938-ல் அவர் கைபட்ட ஏ, பி மாடல்கள் வெளிவந்தன. பல வீடுகளில் இருந்த கறுப்புத் தொலைபேசிக்கு உருக்கொடுத்தவரும் அவர்தான். ரேடியேட்டரை வலைத் தட்டிக்குள் மறைத்து, பானட்டை ஒடுக்கமாக்கி, வரிசைப் பயிர் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்படி செய்தார். மறு ஆண்டே ரேமண்ட் லோவி வடிவமைத்த ஃபார்மால் வரிசை சிவப்பு நிறத்தில் வந்தது. அமெரிக்காவில் பழைய டிராக்டர் சேகரிப்பவர்கள் ஜான் டீர் வண்டிகளை இன்றும் டிரைஃபஸ் கொடுத்த உருவை வைத்துத்தான் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: உருக்கொடுக்கப்பட்டவை, உருக்கொடுக்கப்படாதவை.

உரு வந்ததும் ஒடுக்கும் வந்தது. வார்ப்பிரும்பு உடையும், வளையாது. தகடு வளையும், மடியும், கிழியும், துருப்பிடிக்கும். கொட்டகைக் கதவில் மோதுவது ஒரு வகைச் சேதம். எஞ்சினின் ஓயாத அதிர்வில் போல்ட் ஓட்டையைச் சுற்றி நூல்போல் விரிசல் ஓடுவது இன்னொரு வகை. பேட்டரி அமிலம் பட்டு அடித்தட்டு அரிபடுவது மூன்றாவது. சைலன்சர் பக்கத்தில் பெயின்ட் வெந்து உரிவதும் உண்டு. கார் தகடு படாத பாட்டை டிராக்டர் தகடு பட்டது. கார் பட்டறைக்குக் கிடைத்த மரியாதை டிராக்டருக்கு வேலை செய்த பட்டறைக்குக் கிடைக்கவில்லை.

அதைச் சரிசெய்யும் அறிவு எங்கிருந்து வந்தது? குதிரை வண்டியிலிருந்து. சாரட்டுக்கு மரச் சட்டம் அடித்து, அதன்மேல் தகடு போர்த்திய கோச் கட்டும் பட்டறைகள்தான் காருக்கும் கூடு கட்டின. சென்னை இதற்கு நல்ல உதாரணம். மவுண்ட் ரோட்டின் சிம்ப்சன் நிறுவனம் 1840-ல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத்தான் தொடங்கியது. அங்கே பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் அது. பிறகு பேருந்துக் கூடுகள், அதன்பின் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள் என்று அந்த நிறுவனம் போன பாதையில் டிராக்டரும் காத்திருந்தது. அதற்கு வருமுன் பட்டறைக்குள் நுழைந்து பார்க்க வேண்டும்.

அடிபட்ட தகட்டைப் பார்த்ததும் சுத்தியலை எடுப்பவர் கற்றுக்குட்டி. தேர்ந்த டிங்கர் முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் கைக்குத் தெரியும். பள்ளம் தானாகப் பள்ளமாக நிற்பதில்லை. அதைச் சுற்றி ஒரு வரப்புபோல் மடிப்பு எழும்பி, அது கெட்டிப்பட்டு, பள்ளத்தைப் பூட்டிவைத்திருக்கும். தகடு மடங்கிய இடத்தில் இரும்பு இறுகும். இறுகிய இடம் மற்ற இடத்தைவிடக் கடினம். பள்ளத்தின் நடுவில் பின்புறத்திலிருந்து ஓங்கி அடித்தால் பூட்டு அப்படியே இருக்க, நடுவில் புதிதாக ஒரு புடைப்புத்தான் வரும். எனவே, அடி எந்த வரிசையில் விழுந்ததோ அதற்கு நேர் எதிர் வரிசையில் எடுக்க வேண்டும். கடைசியாக விழுந்த மடிப்பு முதலில் வெளியே வரும்.

இதற்குக் கருவிகள் குறைவு. சில வகைச் சுத்தியல்கள், கைக்கு அடங்கும் இரும்புக் கட்டிகளான டாலிகள், கை நுழையாத இடத்துக்குத் தட்டையான இரும்புக் கரண்டி, ஓர் அரம். டாலியைத் தகட்டின் அடியில் பிடித்து அதற்கு நேர் மேலே சுத்தியலால் தட்டினால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிய இரும்பு நசுங்கி விரியும். டாலியைப் பள்ளத்தின் அடியில் அழுத்திக்கொண்டு, பக்கத்தில் உள்ள மேட்டின் மேல் தட்டினால் மேடு இறங்கும், பள்ளம் ஏறும், தகடு விரியாது. எங்கே நேரடியாகத் தட்டுவது, எங்கே தள்ளித் தட்டுவது என்ற தீர்மானத்தில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. நடுவில் அரத்தை மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். மேடு பளபளக்கும், பள்ளம் கறுப்பாக நிற்கும். அது சொல்லும் இடத்தில் அடுத்த தட்டு.

சில நேரம் மடிப்பெல்லாம் எடுத்த பிறகும் தகடு அடங்காது. விரலால் அழுத்தினால் டப்பென்று உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். அடிபட்டபோது இரும்பு விரிந்துவிட்டது. இருக்க வேண்டிய இடத்துக்கு அதன் பரப்பு அதிகம். சுத்தியலால் இதைத் தீர்க்க முடியாது, மேலும் விரியும். இங்கே நெருப்பு வேண்டும். விரல்நுனி அளவு இடத்தை மட்டும் கேஸ் சுடரால் செக்கச் சிவக்கக் காய்ச்சுவார்கள். காய்ந்த இடம் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த தகடு விடாது. போக வழியின்றி அந்த இடம் தடிக்கும். சிவப்பு மங்குவதற்குள் சுத்தியலால் மெல்லத் தட்டி, ஈரத் துணியால் ஒற்றினால், குளிரும்போது சுருங்கிச் சுற்றுப்புறத்தையும் இழுத்துக்கொள்ளும். விரிந்த தகடு இறுகும். சூட்டால் விரியும் பொருளையே சூட்டைக் கொண்டு சுருக்குகிற இந்த வித்தையைப் பாடப்புத்தகம் படிக்காதவர்கள்கூடப் பட்டறைகளில் துல்லியமாகச் செய்தார்கள்.

அந்தச் சுடரின் வயது அதிகமில்லை. அலுமினியம் எடுக்க முயன்ற தாமஸ் வில்சன் 1892-ல் வட கரோலினாவின் ஸ்ப்ரே என்ற ஊரில் கால்சியம் கார்பைடு பெருமளவில் கிடைக்கும் வழியைத் தற்செயலாகக் கண்டார். கார்பைடு கல்லில் நீர் பட்டால் அசிட்டிலின் வாயு வரும். 1903-ல் பிரான்சின் எட்மண்ட் ஃபூஷேயும் சார்ல் பிகாரும் அதை ஆக்ஸிஜனோடு சேர்த்து எரிக்கும் டார்ச்சை உருவாக்கினார்கள். உலகெங்கும் தகட்டு வேலையின் முகம் மாறியது. பெரிய சிலிண்டர் எட்டாத இந்திய ஊர்களில் கார்பைடு கல்லும் தண்ணீரும் போட்ட இரும்புப் பீப்பாயே பல காலம் வாயு தந்தது. கிழிந்த மட்கார்டை ஒட்டவும், துருத் தின்ற இடத்தை வெட்டி ஒட்டுப்போடவும் அதுவே போதும். ஒட்டுப்போடுவதிலும் நிதானம் வேண்டும். ஒரே ஓட்டமாகப் பற்றவைத்தால் சூடேறித் தகடு நெளியும். இங்கொரு டேக், எதிர்ப்பக்கத்தில் ஒரு டேக் என்று புள்ளி புள்ளியாகச் சுற்றி வந்து, ஆறவிட்டு, பிறகு இடைவெளிகளை நிரப்புவார்கள். மெல்லிய தகட்டுக்குப் பித்தளைக் கம்பியால் பிராசிங் செய்வதும் உண்டு. இரும்பு உருகும் சூட்டுக்கு வெகு கீழேயே பித்தளை உருகிவிடும் என்பதால் தகட்டுக்கு ஆபத்துக் குறைவு.

நிமிர்த்திய பிறகும் மிச்சம் நிற்கும் சின்னப் பள்ளங்களுக்கு என்ன செய்தார்கள்? ஈயம் நிரப்பினார்கள். காரீயம் 70 பங்கு, வெள்ளீயம் 30 பங்கு கலந்த கம்பி. இந்தக் கலவைக்கு ஓர் அரிய குணம் உண்டு. சுமார் 183 டிகிரியில் இளகத் தொடங்கும். சுமார் 255 டிகிரிக்குப் பிறகுதான் முழுதும் நீராகும். நடுவில் உள்ள அந்த எழுபது டிகிரிக்குள் அது வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். மரக் கட்டையில் விலங்குக் கொழுப்புத் தடவி, அதனால் ஈயத்தைத் தள்ளி, வளைவுக்கு ஏற்ப வழித்துவிடுவார்கள். சுடர் கொஞ்சம் அதிகம் பட்டால் அத்தனையும் ஒழுகித் தரையில் கிடக்கும். ஈயம் பிடிக்க வேண்டுமானால் முதலில் தகட்டைச் சுத்தம் செய்து மெல்லிய ஈயப் பூச்சுத் தர வேண்டும். இதற்கான கலவைகளில் நவச்சாரம் சேரும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசத் தெருவில் துருத்தி வைத்து உட்கார்ந்தவரும் அந்த நவச்சாரத்தைத்தான் தூவினார். டெட்ராய்ட்டின் கார் பட்டறையும் நம் தெருமுனையும் ஒரே வேதியியலைக் கையில் வைத்திருந்தன.

ஈயம் இரும்போடு இரும்பாக ஒட்டி, அதிர்வைத் தாங்கி, நீரை உள்ளே விடாமல் பல்லாண்டு நின்றது. வேலை செய்தவர்களின் உடலையும் அது தின்றது. ஈயப் புகையும் தூசியும் நரம்பையும் சிறுநீரகத்தையும் கெடுப்பவை. இயந்திரச் சாணை வைக்காமல் வளைந்த பல் அரத்தால் மட்டுமே அதைச் சீவ வேண்டும் என்ற எச்சரிக்கை அதனால் வந்தது.

1955-ல் அமெரிக்காவின் மியாமியில் பட்டறை நடத்திய ராபர்ட் மெர்ட்டன் ஸ்பிங்க், பாலியெஸ்டர் பிசினில் டால்க் பொடி கலந்த ஒரு நிரப்பியை உருவாக்கினார். பாண்டோ என்ற பெயரில் அது பரவியது. கடினமாக்கும் பசையைக் கலந்து தடவினால் சில நிமிடங்களில் இறுகிவிடும், நெருப்பு வேண்டாம், ஈயம் வேண்டாம், எமரி பேப்பரால் தேய்த்துவிடலாம். உடல்நலத்தின் பக்கமிருந்து பார்த்தால் அது நல்ல மாற்றம். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பட்டி என்று சொல்லப்படுவது இந்தக் குடும்பத்துப் பொருள்தான்.

ஆனால் கைவினைக்கு அது பெரும் சோதனையாக வந்தது. ஒடுக்கை எடுத்த பிறகு மிஞ்சும் மெல்லிய குறையை மூட வந்த பொருளை, ஒடுக்கையே மூடப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கையால் அரை நாள் தட்ட வேண்டிய பள்ளத்தில் விரல் கனத்துக்குப் பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்தால் மாலையில் வண்டியைக் கொடுத்துவிடலாம். காரில் அது சில ஆண்டுகள் நிற்கக்கூடும். டிராக்டரில் நிற்காது. மூன்று சிலிண்டர் டீசலின் அதிர்வில் கனமான பட்டி பிளக்கும். டால்க் ஈரத்தை உறிஞ்சும். பட்டிக்கும் தகட்டுக்கும் நடுவே துரு ஓடும். ஒருநாள் பாளம் பாளமாக விழும். பட்டி குற்றவாளி இல்லை. அதை மெல்லிய பூச்சாக வைத்திருந்த ஒழுக்கம் போனதுதான் குற்றம்.

மறுபடி சென்னைக்கு வருவோம். ஃபோர்டோடு ஃபெர்குசன் செய்துகொண்ட கைகுலுக்கல் ஒப்பந்தம் முறிந்து, வழக்காகி, 1952-ல் 92.5 லட்சம் டாலருக்குத் தீர்ந்தது. அதற்குள் ஃபெர்குசன் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் சாம்பல் நிற டிஇ20 டிராக்டரைக் கொண்டுவந்திருந்தார். 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பார்த்தால் 9என்-னின் உடன்பிறப்பு என்று தெரியும். 1953-ல் ஃபெர்குசன் நிறுவனம் மாஸி ஹாரிஸோடு இணைந்தது. 1956-ல் ஃபெர்குசன் 35 வந்தது; 1957 இறுதியில் அதுவே சிவப்பும் சாம்பலுமாக மாஸி ஃபெர்குசன் 35 ஆனது. சிம்ப்சனை உள்ளடக்கிய அமால்கமேஷன்ஸ் குழுமம் 1960-ல் டாஃபே நிறுவனத்தைத் தொடங்கி, செம்பியத்தில் அந்த வண்டியைச் செய்யத் தொடங்கியது. குதிரை வண்டிக்குத் தகடு போர்த்திய நிறுவனத்தின் குடும்பமே டிராக்டருக்கும் தகடு போர்த்தியது. டியர்பார்னில் அச்சு தயாராகாமல் தவித்த அந்த பானட்டின் வாரிசு, கால் நூற்றாண்டுக்குள் தமிழ்நாட்டு வயலில் இறங்கிவிட்டது.

இங்கே அதற்குக் கிடைத்த அடி வேறு மாதிரி. கவென்ட்ரியின் வடிவமைப்பாளர்கள் நெல்வயலை நினைத்திருக்க வாய்ப்பில்லை. சேற்றுழவுக்குக் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரத்தை மாட்டி இறக்கினால், அது வாரியடிக்கும் சேறு மட்கார்டின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். விளிம்பை மடித்திருக்கும் இடுக்கில் தங்கும் சேறு நாள்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். மேலே பெயின்ட் பளபளக்க, உள்ளிருந்து துரு தின்றுகொண்டு வரும். வரப்பு ஏறி இறங்கும்போது தகடு முறுக்குப்படும். போதாதற்கு, மட்கார்டு இருக்கையாகவும் ஆனது. கூலியாட்களும் பிள்ளைகளும் அதன்மேல் உட்கார்ந்து போகிறார்கள். அவ்வளவு பாரத்தைத் தாங்க அந்தத் தகடு செய்யப்படவில்லை. அதைப் பிடித்திருக்கும் தாங்கியின் போல்ட்டைச் சுற்றி விரிசல் விடுவது அதனால்தான். உட்கார்ந்தவர் தவறி விழுந்தால் விழும் இடம் பின்சக்கரத்தின் அடி. தகட்டைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் கடந்து போக முடியாது.

இந்தச் சேதங்களை ஊர்ப்புற டிங்கரிங் பட்டறைகள்தான் சுமந்தன. பேருந்துக்கும் லாரிக்கும் தட்டிய கை டிராக்டருக்கும் தட்டியது. விரிசலின் முனையில் சின்ன ஓட்டை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்துவது, அடியில் பட்டைத் தகடு வைத்துப் பலப்படுத்துவது, மட்கார்டின் அடிவிளிம்பு முழுதும் போய்விட்டால் அதே கனத்தில் புதுத் தகடு வெட்டி, கம்பி வைத்து விளிம்பைச் சுருட்டி ஒட்டுவது எனப் பட்டறைக்குப் பட்டறை தீர்வுகள் உண்டு. எழுதிவைத்த கையேடு கிடையாது. பார்த்துப் பழகியவர் பார்த்துப் பழகுபவருக்குக் கொடுத்தது. இப்போது சிஓ2 வெல்டிங் பரவிவிட்டது. மெல்லிய தகட்டுக்கு அது மிக ஏற்றது, வேகமும் கூட. சுடர் பிடித்த கை குறைகிறது. ஐ.டி.ஐ.களில் ஷீட் மெட்டல் ஒர்க்கர் பிரிவு இன்னும் இருக்கிறது. புதுத் தகட்டை வெட்டி, மடித்து, பொருள் செய்ய அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். நாற்பது ஆண்டு அடிபட்ட பானட்டின் பூட்டை அவிழ்க்கும் வித்தை பட்டறையில்தான் கிடைக்கும்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய ஃபோர்டு, ஃபார்மால், ஃபெர்குசன் வண்டிகளுக்குப் புதிதாக அச்சடித்த பானட்டும் மட்கார்டும் விற்கிறார்கள். அவற்றின் தகடு பல நேரம் பழையதைவிட மெல்லியது. ஓட்டைகள் சரியாக உட்காராது. வளைவு மூலத்தோடு ஒத்துப்போகாது. அதனால் தேர்ந்த சேகரிப்பாளர்கள் நசுங்கிய பழைய பானட்டைத்தான் தேடி வாங்கி, தட்டி எடுக்கிறார்கள். நெருக்கடி நேரத்தில் வார்த்த அந்த அலுமினிய 9என் பானட்டுக்கு இன்று அவர்களிடம் தனி மதிப்பு.

நம் ஊரில் அந்த மதிப்பு இன்னும் வரவில்லை. செம்பியத்தின் தொடக்ககால மாஸி 35-களின் பானட்டுகள் எஞ்சினுக்கு முன்பே பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் கொட்டகையில் அப்படியொன்று கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். வயது முதிர்ந்த ஒரு டிங்கரிடம் கொண்டு போங்கள். பட்டி பூசுவதற்கு முன் எவ்வளவு தட்டி எடுக்க முடியும் என்று கேளுங்கள். தட்டும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை போய் வெறும் தகட்டைப் பாருங்கள். அவர் பக்கத்தில் டாலியைப் பிடிக்க ஒரு பையன் நிற்கிறானா என்றும் பாருங்கள். நின்றால் அவன் கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.